வயிற்றில் நான்கு துளைகள்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், பித்தப்பைக் கல்லுக்காக அறுவை செய்துகொண்ட 200 பேர் மயக்கம் தெளிந்து பார்த்தபோது, எல்லார் வயிற்றிலும் ஒரே மாதிரி கட்டு போட்டிருந்தது. பாதிப் பேருக்கு லேப்ராஸ்கோபி, அதாவது சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை. மீதிப் பேருக்கு விலாவுக்குக் கீழே சின்னதாக ஒரு கீறல் போட்டு, பித்தப்பையை நேரடியாக எடுத்திருந்தார்கள். கட்டுக்கு அடியில் இருப்பது எது என்று நோயாளிக்கும் தெரியாது, வார்டில் கவனித்துக்கொண்ட செவிலியருக்கும் தெரியாது. யார் எப்போது எழுந்து நடக்கிறார், எப்போது வீட்டுக்குப் போகிறார், எப்போது வேலைக்குத் திரும்புகிறார் என்பதை மட்டும் குறித்துக்கொண்டே வந்தார்கள். 1996இல் 'லான்செட்' இதழில் வெளியான கணக்கு இது: துளை அறுவைக்கு 65 நிமிடம், கீறல் அறுவைக்கு 40 நிமிடம். மருத்துவமனையில் தங்கியது இரு தரப்புக்கும் மூன்று இரவு. வேலைக்குத் திரும்பியதிலும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை.

லேப்ராஸ்கோபி செய்பவர்களுக்கு இது உவப்பான செய்தியாக இருந்திருக்க முடியாது. ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றை அந்தக் கட்டுத்துணி காட்டிக்கொடுத்தது. துளை போட்டவரிடம் "நாளைக்கே வீட்டுக்குப் போய்விடலாம்" என்றும், கீறல் போட்டவரிடம் "ஒரு வாரம் ஆகும்" என்றும் முதலிலேயே சொல்லிவிட்டால், இருவரும் சொன்னபடியே வீட்டுக்குப் போவார்கள். அந்தச் சொல்லை மறைத்துவிட்டு அளந்தால்தான் துளையின் உண்மையான பங்கு எவ்வளவு என்று தெரியும். இதனால் லேப்ராஸ்கோபி வீண் என்று ஆகிவிடாது. சின்னக் கீறல் வழியே பித்தப்பையை எடுக்கவும் கைதேர்ந்தவர் வேண்டும்; பருத்த உடம்பில் அது எளிதும் அல்ல. ஆனாலும் எதனோடு எதை ஒப்பிடுகிறோம், எதை அளக்கிறோம் என்பதைக் கேட்காமல் இந்தச் சிகிச்சையின் பலனைப் பேச முடியாது என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

முறை இன்று பலருக்கும் பழக்கமானதுதான். தொப்புள் அருகே ஒரு சிறு துளை. அதன் வழியே கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றைப் பந்துபோல உப்ப வைக்கிறார்கள். அழுத்தம் பொதுவாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம் வரை. இந்த வாயு தீப்பற்றாது, ரத்தத்தில் விரைவாகக் கரைந்து மூச்சு வழியே வெளியேறிவிடும் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். அறுவை முடிந்த மறுநாள், "வயிற்றில்தானே கை வைத்தார்கள், தோள்பட்டை ஏன் வலிக்கிறது?" என்று நோயாளிகள் கேட்பதற்கும் இந்த வாயுதான் காரணம். அது உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்தின் நரம்பும் தோள்பட்டைத் தோலின் நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால், மூளைக்கு வலி தோளில் இருப்பதாகத் தோன்றுகிறது. ஓரிரு நாளில் போய்விடும்.

உப்பிய வயிற்றுக்குள் கேமரா ஒரு துளை வழியாகவும், நீண்ட மெல்லிய கருவிகள் மற்ற துளைகள் வழியாகவும் போகின்றன. மருத்துவர் திரையைப் பார்த்து வேலை செய்கிறார். கையை வலப்பக்கம் அசைத்தால் கருவியின் நுனி இடப்பக்கம் போகும். விரலால் தொட்டு உணர்கிற வசதி ஏறக்குறைய இல்லை. உள்ளே வெட்ட வேண்டியதும் கட்ட வேண்டியதும் தைக்க வேண்டியதும் மட்டும் பழையபடியே இருக்கின்றன. வயிற்றைத் திறக்கும் வழி மட்டுமே மாறியிருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு முப்பது, நாற்பது ஆண்டு ஆய்வுகளைப் படித்தால், ஒன்றோடொன்று மோதுவதுபோலத் தெரியும் முடிவுகள் பலவும் பிடிபடத் தொடங்கும். வயிற்றைக் கிழிப்பதே பெரிய தொல்லையாகவும் உள்வேலை சிறியதாகவும் இருக்கும் நோய்களில் லேப்ராஸ்கோபி கொடுத்த லாபம் பெரிது. உள்வேலையே உயிரோடு விளையாடுவதாக இருக்கும் இடங்களில் லாபம் சுருங்குகிறது. பழகாத கைகளில் அது நஷ்டமாகவும் ஆகியிருக்கிறது.

தொடக்கத்தில் இந்த முறையை மதிக்க ஆள் இல்லை. ஜெர்மனியின் கீல் நகரத்து மகப்பேறு மருத்துவர் குர்ட் செம் 1980இல் துளை வழியே குடல்வாலை அகற்றியபோது, அவருடைய மருத்துவ உரிமத்தையே நிறுத்திவைக்க வேண்டும் என்று குரல் எழுந்தது. அதே நாட்டின் போப்ளிங்கன் என்ற ஊரில், 1985 செப்டம்பர் 12ஆம் தேதி, எரிக் மூஹே முதன்முதலாகப் பித்தப்பையை இம்முறையில் எடுத்தார். மறு ஆண்டு மாநாட்டில் அவர் பேசியபோது சக மருத்துவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் ஒரு நோயாளி இறந்துபோக, அவர்மீது வழக்கும் வந்தது, 1990இல்தான் விடுபட்டார். எந்த ஜெர்மன் அறுவை மருத்துவச் சங்கம் அவரை ஏற்கவில்லையோ, அதுவே 1992இல் அவருக்கு விருது கொடுத்தது. நடுவில் இருந்த ஆறேழு ஆண்டுகளில், 1987இல் லியோனில் பிலிப் மூரே செய்த அறுவையிலிருந்து பிரான்ஸ் முழுவதும், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் இந்த முறை பரவிவிட்டிருந்தது. இந்தியாவில் 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் தெஹம்தன் உத்வாடியா முதல் பித்தப்பையை இப்படி எடுத்தார். அவருக்கு அது திடீரென வந்த வித்தை அல்ல. 1972 முதலே, வயிற்றில் நீர் கோத்து வருபவர்களின் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, காசநோயா புற்றுநோயா என்று பிரித்தறிந்து பழகியவர் அவர். ஸ்கேன் எளிதில் கிடைக்காத காலத்து ஏழை நோயாளிகளுக்கு அந்தப் பார்வையே பெரிய உதவியாக இருந்தது.

பிறகு வந்தது வேகம். 1990களின் தொடக்கத்தில் நோயாளிகளே கேட்டு வாங்கினார்கள். மருத்துவர்கள் வார இறுதிப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டுத் திங்கட்கிழமை அறுவை அரங்குக்குள் நுழைந்தார்கள். புதிய மருந்து ஒன்றுக்குக் கேட்கப்படும் அளவுக்கு இதற்குச் சான்று கேட்கப்படவில்லை.

விலையைக் கொடுத்தது பித்தநாளம். பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் முக்கியக் குழாயோடு இணைப்பது ஒரு சிறு குழாய். அந்தச் சிறு குழாயைத்தான் வெட்ட வேண்டும். வீங்கி, ஒட்டிப்போன பித்தப்பையைத் திரையில் பார்க்கும்போது, பெரிய குழாயே சிறியதுபோலத் தெரியும். அதை வெட்டிவிட்டால் மஞ்சள்காமாலை, சீழ், மீண்டும் பெரிய அறுவை, குடலை இழுத்துக் கல்லீரலோடு தைத்தல், ஆண்டுக்கணக்கில் மருத்துவமனை நடை. கல்லுக்காக வந்தவர் பெரும்பாலும் நடுவயதுப் பெண். இரண்டு நாளில் வீடு திரும்பலாம் என்று நம்பி வந்தவர். அமெரிக்கத் தென்மாநில மருத்துவர்கள் சேர்ந்து 1991இல் வெளியிட்ட 1,518 நோயாளிகளின் கணக்கில், பித்தநாளக் காயம் 0.5 சதவீதம். அதைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்: ஒவ்வொரு குழுவும் செய்த முதல் 13 அறுவைகளில் 2.2 சதவீதம், அதற்குப் பிறகு 0.1 சதவீதம். கருவி அதே, முறை அதே. மாறியது கைப்பழக்கம்.

1995இல் ஸ்டீவன் ஸ்டிராஸ்பெர்க்கும் உடனிருந்தவர்களும் ஒரு விதியை வலியுறுத்தினார்கள். பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, சுற்றியுள்ள கொழுப்பையும் நாரையும் நீக்கி, பித்தப்பைக்குள் நுழைவது ஒரு குழாயும் ஒரு ரத்தநாளமும் ஆக இரண்டே என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் வரை எதிலும் கிளிப் போடக் கூடாது, எதையும் வெட்டக் கூடாது. தெரியவில்லையா, வயிற்றைத் திறந்துவிடு. அல்லது பித்தப்பையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு வெளியே வந்துவிடு. துளை அறுவையாகத் தொடங்கித் திறந்த அறுவையாக முடிவதைப் பல குடும்பங்கள் இன்றும் தோல்வியாகவே எடுத்துக்கொள்கின்றன. உண்மையில், அந்த இடத்தில் நின்று யோசிக்கத் தெரிந்த மருத்துவரால் காப்பாற்றப்பட்டவர்கள் அந்த நோயாளிகள்.

நம் நாட்டில் பித்தப்பை அறுவைக்கு இன்னும் இரண்டு கவலைகள் உண்டு. கங்கைச் சமவெளியில் பித்தப்பைப் புற்றுநோய் அதிகம். கல் என்று நினைத்து எடுத்த பையில் புற்று ஒளிந்திருந்து, எடுக்கும்போது பை கிழிந்து பித்தம் சிந்தினால், துளைத் தழும்பிலேயே புற்று முளைத்துவிடலாம். எடுத்ததைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வெளியே இழுப்பதும், சோதனைக்கு அனுப்புவதும் அதனால்தான். மற்றொன்று, துளை நன்றாக ஆறி மூன்று நான்கு வாரம் கழித்து அங்கே கட்டி எழும்பிக் கசியத் தொடங்குவது. காசநோய்க் கிருமியின் சுற்றத்தைச் சேர்ந்த, தண்ணீரில் வாழும் கிருமிகளின் வேலை இது. மடிப்பும் இடுக்கும் நிறைந்த கருவிகளைக் கழற்றிச் சரியாகக் கழுவாமல், மருந்துக் கரைசலில் கொஞ்ச நேரம் ஊறவைத்துவிட்டு அடுத்த நோயாளிக்குப் பயன்படுத்தினால் வருவது. சாதாரண ஆன்டிபயாடிக் கேட்காது. மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும். பல லட்சம் ரூபாய் கேமராவைவிட, கருவி கழுவும் அறையில் நிற்பவரின் பொறுமை இங்கே முக்கியம்.

குடல்வாலில் கணக்கு ஓரளவு தெளிவு. எல்லா ஆய்வுகளையும் திரட்டிய 2018ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வின்படி, துளை அறுவையில் காயத்தில் சீழ் வைப்பது பாதிக்கும் கீழே குறைகிறது. வீடு திரும்புவது ஒரு நாள் முன்னதாக நடக்கிறது. ஆனால் வயிற்றுக்குள்ளே சீழ்க்கட்டி உருவாவது சற்றே கூடுகிறது. இளம்பெண்களுக்கு இன்னொரு லாபம் உண்டு: வலி குடல்வாலால்தானா, சினைப்பையாலா என்று கேமரா நேரில் பார்த்துவிடுகிறது.

குடலிறக்கத்தில் 2004இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் தந்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் குடலிறக்கம் திரும்ப வந்தது, துளை அறுவையில் 10.1 சதவீதம், திறந்த அறுவையில் 4.9 சதவீதம். இயல்பு வேலைக்குத் திரும்பியதில் கிடைத்த லாபம் ஒரு நாள். இங்கும் உள்ளே போய்ப் பார்த்தால், 250க்கும் மேல் செய்த கைகளில் அந்த மறுவரவு பாதியாகிவிடுகிறது. இரண்டு பக்கமும் இறங்கியிருந்தாலும், முன்பு முன்பக்கமாகத் தைத்து மறுபடி வந்திருந்தாலும், உள்பக்கத்திலிருந்து வலை வைப்பதே நல்லது என்று இன்று பலரும் ஏற்கிறார்கள்.

பெருங்குடல் புற்றுநோயில் இந்த முறை பெரிய பழியோடுதான் நுழைந்தது. 1994இல் ஒரு சிறு தொகுப்பில் 14 பேரில் 3 பேருக்குத் துளைத் தழும்பில் புற்று முளைத்ததாகச் செய்தி வந்ததும், வாயு அழுத்தம் புற்று அணுக்களை ஊதிப் பரப்புகிறதோ என்ற அச்சம் பரவியது. அமெரிக்காவில் ஆய்வுகளுக்கு வெளியே செய்ய வேண்டாம் என்று பலரும் நிறுத்திக்கொண்டார்கள். அந்த நிதானம் வீண் போகவில்லை. ஒரு பெரிய ஆய்வு நடந்தது: 872 நோயாளிகள், 48 மருத்துவமனைகள்; குறைந்தது 20 பெருங்குடல் அறுவைகளை இம்முறையில் செய்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. 2004இல் முடிவு வந்தபோது மூன்று ஆண்டில் புற்று திரும்பியது துளை அறுவையில் 16 சதவீதம், திறந்ததில் 18. உயிரோடு இருந்தவர் 86, 85. தழும்பில் புற்று இரு தரப்பிலும் ஒரு சதவீதத்துக்கும் கீழே. முந்தைய பயங்கரம் வாயுவால் வந்தது அல்ல, புற்றைக் கையாண்ட விதத்தால் வந்தது என்றே இன்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். தென்கொரியாவில் தொடக்கநிலை இரைப்பைப் புற்றுக்குச் செய்த 1,416 பேரின் ஆய்விலும் ஐந்தாண்டு உயிர்ப்பிழைப்பு இரு தரப்புக்கும் 93, 94 சதவீதம்.

மலக்குடலில் கதை இவ்வளவு சுகமாக இல்லை. இடுப்புக்கூட்டின் குறுகிய புனலுக்குள் இறங்கி, புற்றைச் சுற்றியுள்ள உறையைக் கிழிக்காமல் முழுதாக எடுக்க வேண்டும். 2015இல் ஓர் ஐரோப்பிய ஆய்வு, புற்று அதே இடத்தில் திரும்பியது இரண்டிலும் 5 சதவீதமே என்று ஆறுதல் தந்தது. அதே ஆண்டில் வந்த அமெரிக்க ஆய்வும் ஆஸ்திரேலிய ஆய்வும், எடுத்த துண்டின் தரத்தில் துளை அறுவை திறந்த அறுவைக்கு ஈடு என்று நிறுவ முடியவில்லை என்று சொல்லிவிட்டன. சீரண உறுப்பு அல்ல என்றாலும், கருப்பைவாய்ப் புற்றின் முடிவை இங்கே சொல்லாமல் கடக்க முடியாது. 2018இல், 631 பெண்களில் செய்த ஆய்வில், நான்கரை ஆண்டு நோயின்றி இருந்தவர்கள் திறந்த அறுவையில் 96.5 சதவீதம், துளை வழியில் 86. உலகம் முழுவதும் பல இடங்களில் அந்த அறுவை மறுபடி திறந்த வயிற்றுக்கே திரும்பியது. சிறிய தழும்பு என்ற ஆசையால் உயிர்கள் போயிருக்கின்றன என்பதை அறுவை மருத்துவர்களே அளந்து, தாங்களே அறிவித்தார்கள். அந்த நேர்மைக்கு மரியாதை செய்யத்தான் வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமான தேர்வு கணையத்தின் தலைப்பகுதி. அதை எடுத்தால் முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி எல்லாம் சேர்ந்து போகும். பிறகு கணையத்தையும் பித்தநாளத்தையும் இரைப்பையையும் தனித்தனியாகக் குடலோடு தைக்க வேண்டும். கணையத் தையல் கசிந்தால் அதன் சாறு சுற்றியிருக்கும் ரத்தநாளங்களையே அரித்துவிடும். இதைத் துளை வழியே செய்ய முடியுமா என்ற கேள்விக்கு முதல் நேரடி ஒப்பீடுகளில் ஒன்று கோயம்புத்தூரிலிருந்து வந்தது. ஜெம் மருத்துவமனையில் சி. பழனிவேலுவும் குழுவினரும் 64 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள்: அறுவை நேரம் கூடுதல், சிக்கல்கள் சமம், மருத்துவமனை வாசம் 13 நாளிலிருந்து 7 நாளாகக் குறைவு.

நெதர்லாந்து அதையே பல மருத்துவமனைகளில் செய்து பார்த்தது. அங்கே மருத்துவர்கள் பயிற்சித் திட்டத்தை முடித்தவர்கள்; இந்த அறுவையைக் குறைந்தது 20 முறை செய்தவர்கள். ஆனாலும் ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. 90 நாளுக்குள், துளை அறுவை செய்த 50 பேரில் 5 பேர் இறந்திருந்தார்கள். திறந்த அறுவை செய்த 49 பேரில் ஒருவர். எண்ணிக்கை சிறியது, தற்செயலாகவும் இருக்கலாம். இருந்தும் கண்காணிப்புக் குழு மேலே போக விடவில்லை. அடுத்து சீனா. 14 மருத்துவமனைகள், 656 நோயாளிகள், இந்த அறுவையை ஏற்கெனவே 104 முறையாவது செய்தவர்கள் மட்டும். 2021இல் வந்த முடிவில் இறப்பு இரு தரப்பிலும் சமம். லாபம்? 16 நாள் தங்கியது 15 நாளாயிற்று.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோயம்புத்தூரில் கிடைத்த ஆறு நாள் ஏன் சீனாவில் ஒரு நாளாயிற்று என்ற கேள்வி எழும். ஒரே கூரையின்கீழ், பல ஆண்டாக இதையே செய்யும் ஒரு குழுவின் பலனை அப்படியே எல்லா ஊருக்கும் எடுத்துப்போக முடியாது என்பது ஒரு பதில். வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் நாட்டுக்கு நாடு வேறு என்பது இன்னொன்று. 20க்கும் 104க்கும் நடுவில் எத்தனை நோயாளிகள் அந்தப் பழக்கத்தின் விலையைக் கொடுத்தார்கள் என்பதுதான் மனதை உறுத்துவது.

உணவுக்குழாயில் இதே கடினம் வேறு பலனைத் தந்தது. மார்பைப் பெரிதாகத் திறப்பதால் நுரையீரலில் சளி கட்டி நிமோனியா வருவதே அங்கே பெரிய எதிரி. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து மார்பில் துளை போட்டு உணவுக்குழாயைப் பிரிக்கும் முறையில் 130 பேரின் அனுபவத்தைப் பழனிவேலு குழு 2006இல் வெளியிட்டிருந்தது. குப்புறப் படுத்தால் நுரையீரல் தானாகவே விலகி வழிவிடுகிறது. ஐரோப்பாவில் 115 பேரிடம் அந்த நிலையில் செய்த ஆய்வு 2012இல் வந்தது: மருத்துவமனையில் இருந்த நாட்களில் நுரையீரல் தொற்று திறந்த அறுவையில் 34 சதவீதம், துளையில் 12. வயிற்றையும் மார்பையும் கிழிப்பதே உயிருக்கு ஆபத்தாக இருந்த இடம் அது. அதனால்தான் அங்கே துளை நுரையீரலைக் காத்தது.

கையின் பங்கு எவ்வளவு என்பதை மிச்சிகன் மாநிலத்தில் நேரடியாகவே அளந்தார்கள். உடல் பருமனுக்காக இரைப்பையைச் சுருக்கும் துளை அறுவை செய்யும் 20 மருத்துவர்கள் தங்கள் அறுவையின் வீடியோ ஒன்றை அனுப்பினார்கள். யாருடையது என்று தெரியாத சக மருத்துவர்கள் அதைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். மதிப்பெண்ணில் கடைசிக் கால்வாசியில் இருந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல். முதல் கால்வாசியில் 5.2 சதவீதம். 2013இல் வந்த இந்த ஆய்வு, திரைக்குப் பின்னால் இருந்த ஒன்றைத் திரையிலேயே காட்டியது.

ரோபோ இப்போது அடுத்த வாக்குறுதியோடு நிற்கிறது. மலக்குடல் புற்றில் 471 பேரிடம் செய்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டியது ரோபோவில் 8.1 சதவீதம், சாதாரண லேப்ராஸ்கோபியில் 12.2. இந்த வேறுபாடு தற்செயலாக இருக்கலாம் என்றே ஆய்வாளர்கள் சொன்னார்கள். எதிர்த் திசையிலும் ஓர் அமைதியான முயற்சி நடக்கிறது. வாயுவே வேண்டாம், வயிற்றுச் சுவரை ஒரு கொக்கியால் மேலே தூக்கிப் பிடித்தால் போதும், முதுகுத்தண்டு மயக்கத்திலேயே செய்யலாம் என்று, ஜே. ஞானராஜ் போன்ற கிராமப்புற அறுவை மருத்துவர்கள் நெடுநாளாகச் செய்து வருகிறார்கள். டெல்லியில் 100 பேரிடம் செய்த ஒப்பீட்டில் அது வழக்கமான முறைக்குச் சளைத்ததாக இல்லை. மயக்க மருத்துவர் வாரம் ஒருநாள் மட்டுமே வந்துபோகும் ஊருக்கு இது ரோபோவைவிடப் பயன்படும்.

பித்தப்பை அறுவை முடிந்ததும் கல்லைச் சின்னக் குப்பியில் போட்டு உறவினர் கையில் கொடுப்பது நம் ஊர் வழக்கம். சில மருத்துவமனைகளில் அறுவையின் பதிவையும் பென்டிரைவில் கொடுக்கிறார்கள். கல்லை எல்லாரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள், பக்கத்து வீட்டுக்கும் காட்டுகிறார்கள். பென்டிரைவ் அலமாரிக்குள் போய்விடுகிறது. கிளிப் போடுவதற்கு முந்தைய அந்த அரை நிமிடமும், பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டு என்று தெளிவாகத் தெரிந்ததா இல்லையா என்பதும் அதற்குள்தான் இருக்கின்றன.